மாலை சுற்றிப் பிறந்தவள்

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளை அம்மா என் கையில் திணித்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உள்ளறையில் என் மகளும், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத அவள் பெண்ணும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறியின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. தாளில் இருந்தது முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்கு அதில் வேண்டியது ஒரே ஒரு வரி.

"அந்த நர்ஸ் பொண்ணு ஏதோ சொல்லிக்கினே போச்சு. எனக்குப் பாதிதான் காதுல வுழுந்துது. மாலை சுத்திக்கினு பொறந்துதுன்னு அதுல போட்டிருக்குதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

போட்டிருந்தது. கொடுத்த உடனேயே நான் பார்த்துவிட்டேன். அதைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், அதாவது குழந்தையின் தாய்மாமன், இரண்டு நாள் விடுப்பில் பஸ் ஏறிவிட்டான். செங்கல்பட்டு தாண்டிவிட்டதாக அப்போதுதான் செய்தி வந்திருந்தது. அவன் வந்து சேர்வதற்குள் அந்த வரியை அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லியாக வேண்டும்.

தமிழையும் ஆங்கிலத்தையும் மாற்றி மாற்றி எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் எனக்கு ஒரு மேசை உண்டு. கோட்டக்குப்பத்திலிருந்து பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்கள் பிறப்புச் சான்றிதழோடு வருவார்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளையின் அப்பா நிலப் பத்திரத்தோடு வருவார். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் திண்டாட வைத்த சொல் எது என்று கேட்டால், 'சுற்று' என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் சுற்றுச்சுவருக்கு ஒரு ஆங்கிலச் சொல், சுற்றறிக்கைக்கு வேறொன்று, சுற்றுலாவுக்கு முற்றிலும் வேறு. நூலைச் சுற்றுவதும் ஊரைச் சுற்றுவதும் ஒன்றல்ல. தலை சுற்றினால் மருத்துவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஒருமுறை ஒரு பெண், தன்னை ஒருத்தன் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி 'சுத்த வுட்டான்' என்று மனு எழுதிக்கொண்டு வந்தாள். அதை ஆங்கிலமாக்க அரை நாள் போயிற்று. பழைய அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு நேரே வளைதல், சூழ்தல், சுருட்டுதல், அலைதல், கிறுகிறுத்தல் என்று பொருள் நீண்டுகொண்டே போகும். உறவுக்காரர்களைக் குறிக்கும் 'சுற்றம்' என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். நம்மைச் சுற்றி நிற்பவர்கள் சுற்றத்தார். கல்யாணப் பத்திரிகையில் எத்தனையோ முறை படித்தும், இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

ஆனால் எந்த அகராதியையும் பார்க்காமலே, நடக்கத் தெரிந்த வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பொருள் ஒன்று உண்டு. நான் மாலை சுற்றிப் பிறந்தவள். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியபடி பிறந்த குழந்தையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அப்படிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. அவன் அதன் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் நிழலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகு பார்த்தால் பாதகமில்லை. இங்கிலீஷ் மருத்துவர் அந்த இடத்தில் கயிற்றுக்கு வைத்த சொல்லைத்தான் வைத்திருக்கிறார். கயிறு என்று எழுதிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நாம் அதற்குப் போய்ப் பூ வைத்து, மாலை என்று பெயர் சூட்டி, அதற்கப்புறம் காலமெல்லாம் பயப்படுகிறோம். இந்த விசித்திரத்தை நான் பலமுறை நினைத்து நினைத்து அலுத்திருக்கிறேன்.

என் மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். நான் பிறந்தது திண்டிவனம் அரசு மருத்துவமனையில். அப்பா அப்போது ரயில்வேயில் தண்டவாள வேலை. சேதி சொல்லியும் வர முடியவில்லை. அரும்பு மீசையோடு லாரியில் கிளீனராகச் சுற்றிக்கொண்டிருந்த மாமாதான் அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தாராம். மாலை விஷயம் தெரிந்ததும் அவரை வார்டுக்குள் விடாமல் வாசலோடு நிறுத்திவிட்டார்களாம். முப்பதாம் நாள் எண்ணெய் பார்க்கும் சடங்கு நடந்தது. வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அவரை ஒரு மணையில் உட்கார வைத்து, என்னை அவர் தோளுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தார்களாம். "எண்ணெயில உன் மொகத்தப் பார்த்ததும் பொலபொலன்னு அழுதுட்டான்டி, ஆம்பளப் பையன்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அவள் குரலில் ஒரு பெருமை இருக்கும். தம்பிக்குத் தன் பிள்ளைமேல் அத்தனை பாசம் என்ற பெருமை. அதற்கும் மேலாக, செய்ய வேண்டியதை முறையாகச் செய்து தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி.

அப்படிக் காப்பாற்றப்பட்ட மாமா ஒரு இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா அவருக்கு வைத்த பெயர் ஊர்சுத்தி. "உன் தம்பி ஊர்சுத்தி வந்திருக்கான் பாரு" என்று அவர் காதில் விழும்படியே சொல்வார். மாமா சிரித்துக்கொள்வார். லாரி வேலையை விட்டார், திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை மூட்டை பிடித்துக் கொடுத்தார், கோட்டக்குப்பத்தில் ஒருவரோடு கூட்டாகக் கடை போட்டார், மயிலம் திருவிழாவில் வளையலும் பொம்மையும் விற்றார். கல்யாணம் ஆகி, திண்டிவனத்தில் சொந்தமாக வீடு கட்டிய பிறகும் அத்தை அவரைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். வேகவைத்த மல்லாட்டை ஒரு பை, சூடு ஆறாமல் கையில் இருக்கும். என் கன்னத்தைத் தட்டுவார். அம்மா சோறு போடுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். என் காதுகுத்துக்கு என்னை மடியில் வைத்துக்கொண்டார்; பந்தி போடுமுன் கிளம்பிவிட்டார். என் கல்யாணத்திலும் அதே கதைதான்.

நான் ஐந்தாவது படிக்கும்போது மல்லாட்டை மூட்டையோடு அவர் போன லாரி திண்டிவனத்துக்கு வடக்கே கவிழ்ந்தது. வலது காலில் கம்பி வைத்தார்கள். பார்க்க வந்த உறவுக்காரர்களில் என் பெரியம்மா ஒருத்தி, எண்ணெய் பார்த்ததில் ஏதோ குறை, மாலை சும்மா விடுமா என்று சமையலறையில் சொன்னாள். தண்ணீர் குடிக்கப் போன நான் அதைக் கேட்டேன். அன்றுதான் முதன்முதலாக என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சில மாதம் கழித்து மாமா கட்டை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தெரிந்துகொண்டார். குனிய முடியாததால் கட்டிலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கீழே பார்க்காமல் பேசினார்.

"டிரைவர் தூங்கிட்டான் பாப்பா. அதான் வண்டி கவுந்துது. நீயா வந்து அவனுக்குத் தாலாட்டு பாடுன?"

நான் வெளியே வரவில்லை. அவர் கட்டிலின் ஓரத்தில் மல்லாட்டையை ஒவ்வொன்றாக உரித்துத் தரையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் கையை மட்டும் நீட்டி எடுத்துத் தின்றேன். அதன் பிறகு அவருடைய கடை தீப்பிடித்தது, அத்தைக்கு முதல் பிரசவத்தில் பிள்ளை தங்காமல் போனது என்று ஒவ்வொன்றாக நடந்தபோதும், யாரும் என் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. பேச்சு நின்று, ஒரு பார்வை மட்டும் என் பக்கம் வந்துபோகும். அந்தப் பார்வைக்கு நான் பழகிக்கொண்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது என் பேத்திக்கு அதே வரி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்ததும் தாளை நாலாக மடித்துக்கொண்டேன். தொட்டிலில் கிடக்கிற இது கூடவா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்க வேண்டும்?

"கொடி ஒரு சுத்து லேசா இருந்துதுன்னு போட்டிருக்காங்கம்மா. ஒண்ணும் பயமில்லைன்னும் போட்டிருக்காங்க" என்றேன்.

என்னால் முடிந்த சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான். மாலையை எடுத்துவிட்டுக் கொடியை வைத்தேன். அம்மாவிடம் அது செல்லவில்லை. கொடி என்றால் என்ன, மாலை என்றால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்றாள். பேரனை முப்பது நாள் கழித்து வரச் சொல் என்றாள். அவன் பஸ்ஸில் பாதித் தூரம் வந்துவிட்டான் என்றேன். குழந்தை பிறந்த அன்றே போனில் படம் பார்த்துவிட்டான், அது எண்ணெயில் பார்த்த மாதிரிதானே என்று ஒரு வழியும் சொல்லிப் பார்த்தேன். அம்மா அதைத் தள்ளிவிடாமல் உண்மையாகவே யோசித்தாள்.

"அது படம். நெழல்னா அசையணும்" என்று முடிவாகச் சொன்னாள்.

அதற்குள் மகனிடமிருந்து போன் வந்தது. திண்டிவனத்தில் பஸ் நின்றபோது தாத்தா ஏறினார், இருவரும் சேர்ந்தே வருகிறோம் என்றான். தாத்தா என்றால் என் மாமாதான். குழந்தையைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். அம்மா உடனே சமையலறைக்குப் போய் எண்ணெய்ச் சட்டியை எடுத்து வைத்தாள். மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். முப்பது நாளுக்கு முன்னால் எண்ணெய் பார்க்கலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்துவிட்ட என் மகள் படுக்கையிலிருந்தபடியே, தன் தம்பியை வாசலில் நிறுத்தினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்பிவிடுவேன் என்றாள். தையல் பிரிந்துவிடப் போகிறதே என்று நான் இரண்டு அறைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் வந்தபோது அம்மா நிலைவாசலில் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்தாள். மகன் தோளில் பையோடு படியில் நின்று என்னைப் பார்த்தான். அவனுக்கு இந்தக் கதையெல்லாம் பாதி விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் அவனுடைய ஆயாவான என் அம்மாவின் முகம் விளையாட்டாக இல்லை. அவன் ஒரு அடி பின்னால் போனதையும் நான் பார்த்தேன். அதுதான் என்னைச் சுட்டது. இருபத்தைந்து வயதுப் பையன், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன், ஒரு அடி பின்னால் போனான்.

மாமா காலைத் தாங்கித் தாங்கிப் படியேறி வந்தார். விஷயத்தை அம்மா இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவர் வழக்கம்போல் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அவன உள்ள வுடுக்கா" என்றார்.

"உனக்கே தெரியாதா? அன்னிக்கு எண்ணெயில பார்த்ததாலதான நீ இன்னிக்கு எம் முன்னால நின்னுக்கினு இருக்கற?"

மாமா கையிலிருந்த பையைத் திண்டில் வைத்தார். "நான் எண்ணெயில பார்க்கறதுக்கு முன்னாலயே பார்த்துட்டேன்க்கா. இவ பொறந்த அன்னிக்கே."

பிறகு அவர் சொன்னது இதுதான். அன்று சோற்றுத் தூக்கோடு அவர் பிரசவ அறைக்கு வெளியே நின்றிருக்கிறார். கதவைத் திறந்துகொண்டு வந்த நர்சம்மா அவரைத்தான் குழந்தையின் அப்பா என்று நினைத்து, துணியில் சுற்றிய என்னைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தூக்கைக் கீழே வைக்கவும் தோன்றாமல், ஒரு கையில் தூக்கும் ஒரு கையில் நானுமாக நின்றிருக்கிறார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேனாம். நர்சம்மா திரும்பி வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான், உள்ளேயிருந்து யாரோ மாலை என்று பேசுவது அவர் காதில் விழுந்தது.

அம்மா கையை நிலையிலிருந்து எடுக்கவில்லை. "அப்பறம் எதுக்குடா எண்ணெயில பார்த்த?"

"நீ கிண்ணத்த வச்ச. பார்த்தேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா எனக்குத் தலவலி வந்தாக்கூட இவளத்தான் சொல்லுவீங்க. பச்சப் புள்ளைய."

கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "மாமா, நீங்களும் அத நம்புனீங்களா?"

அவர் காலை மாற்றி நின்றார். "இன்னான்னு சொல்றது பாப்பா. எண்ணெயில பார்த்தப்ப பயத்துலதான் அழுதேன். லாரி கவுந்து ரோட்டுல கெடக்கறேன், காலு போச்சான்னுகூடத் தெரியல. ஐயோ, இத வூட்டுல எப்படிப் பேசுவாங்களோன்னுதான் மொதல்ல நெனப்பு வந்துது. எனக்கு எதனா ஆவறதா இருந்தா உங்க கண்ணுக்கு எதிர்ல ஆவக் கூடாதுன்னு நெனச்சேன். எங்கனா தூரத்துல ஆவட்டும், அங்கயே முடியட்டும்னு போய்க்கினே இருந்தேன். அப்பறம் அதுவே பழக்கமாப் போச்சு."

அம்மாவின் கண் மாமாவின் வலது காலுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். கால், தீப்பிடித்த கடை, தங்காமல் போன பிள்ளை, எல்லாவற்றுக்கும் இப்போது கையும் களவுமாக ஒரு காரணம் அகப்பட்டுவிட்டது. மாமா நல்லதற்கென்று சொன்ன வார்த்தை, அவள் நம்பியதற்கே சாட்சியாக மாறப் போகிறது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பேத்தி எடுத்துவிட்டவள் நான். அந்த ஒரு நொடியில் எனக்குத் தின்ன ஏதாவது உரித்துத் தருவார்களா என்று கட்டிலுக்கு அடியில் கிடப்பவள்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மறுபடி தம்பியைப் பார்த்தாள். "அதுக்காடா இப்படிச் சுத்துன?" என்றாள். "சோத்துக்குக்கூட உக்காராம, அதுக்காடா?"

ஆயிரம் பத்திரத்தில் அந்தச் சொல்லைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். அம்மா சொன்ன அந்தச் 'சுத்துன'வுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அலைந்தாய் என்று வைத்தால் அதில் பயம் வராது. விலகிப் போனாய் என்று வைத்தால் பாசம் வராது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கையை எடுத்தாள். ஆனால் வா என்று யாரையும் கூப்பிடவில்லை. திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

என் மகன் அப்போதும் படியில்தான் நின்றான். மாமா அவன் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே போனவன் பையைக் கழற்றாமலே தொட்டில்மேல் குனிந்தான். என் மகள் தம்பியைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், கையைக் கழுவிட்டு வாடா என்று அதட்டினாள். கழுவிவிட்டு வந்து தூக்கினான். குழந்தை அவன் விரலைப் பிடிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அழுது சிவந்து அவன் சட்டையை நனைத்தது. அவன் முகத்தில் பயம் மிச்சம் இருந்தது. ஆனால் கீழே வைக்கவில்லை.

அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று சொன்னால் பொய். சற்று நேரத்தில் கைப்பிடி உப்பும் காய்ந்த மிளகாயும், வாசல் மண் ஒரு சிட்டிகையுமாக வெளியே வந்தாள். பேரனுக்கோ குழந்தைக்கோ சுற்றிப் போடப் போகிறாள் என்று நான் வழிவிட்டேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கிழக்கே பார்த்து இழுத்துப் போட்டு, தம்பியை உட்காரச் சொன்னாள். எனக்கு எதுக்குக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார் மாமா. உட்காருடா என்றாள். எழுபது வயது மனிதர் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, சின்னப் பையனைப்போல உட்கார்ந்தார். அம்மா கைமுட்டியை அவர் தலையைச் சுற்றி வலமாகவும் இடமாகவும் கொண்டுவந்தாள். பார்த்த கண்ணு, பேசுன வாயி என்று வழக்கமாகச் சொல்வதை மெல்ல முணுமுணுத்தாள். கம்பி வைத்த காலுக்கு வந்ததும் கை அங்கேயே தயங்கி, அந்தக் காலுக்கு மட்டும் தனியாக இன்னொரு முறை சுற்றியது. துப்பச் சொன்னாள், துப்பினார்.

எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பின்கட்டு அடுப்பில் போட்டாள். கண்ணேறு கடுமையாக இருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பது அவள் கணக்கு. அடுத்த நிமிடமே வீடு முழுக்கக் காரம் ஏறியது. என் மகள் குழந்தையின் முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள், மகன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான், மாமா நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி இருமினார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அடுப்படியிலிருந்து வந்து எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"பார்த்தீங்களா, ஒரு பொட்டு நெடி வரல. அவ்ளோ இருந்திருக்குது எந் தம்பிமேல."